ரைம்கீப்பர் வீட்டுக் கேத்தில்

அளவெட்டியிலே பரமலிங்கம் என்று கேட்டால் பாதிப் பேர் எந்தப் பரமலிங்கம் என்று திருப்பிக் கேட்பார்கள். ரைம்கீப்பர் பரமலிங்கம் என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கூட்டிக்கொண்டு போய்ப் படலையிலே விடும். வேலை செய்த காலமெல்லாம் பஸ் நிலையத்து மூலையில் ஒரு சின்னக் கூண்டுக்குள் இருந்து, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று குறித்த மனுசன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கோயில் மணி பிந்தி அடித்தால் ஐயரிடம் போய் நேரம் சொல்வார். கலியாண வீட்டில் முகூர்த்தம் நெருங்கினால் மாப்பிள்ளையின் தகப்பனைவிட இவர்தான் கூடுதலாக அந்தரப்படுவார். கெட்ட மனுசன் இல்லை. நேரம் என்று வந்தால் விட்டுக்கொடுக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்படி ஊருக்கே நேரம் பார்த்தவரை, கடைசியில் ஒரு சின்னப் பெட்டி நேரம் பார்க்கத் தொடங்கியது.

மனைவி காலமாகி இரண்டாம் வருடம், தபாற்கந்தோர் வாசலில் பரமலிங்கத்துக்குத் தலை சுற்றியது. விழவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார், யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஆனால் அந்தச் செய்தி ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் மூன்று தரம் விழுந்து, பேச்சும் அடைபட்டுவிட்டது. ஒரே மகள் கீர்த்திகா அடுத்த கிழமையே வந்து இறங்கினாள்.

கையோடு கூட்டிக்கொண்டு போகிற எண்ணத்தோடுதான் வந்தாள். பரமலிங்கம் மாட்டேன் என்றார். கனடாவை அறியாதவர் அல்ல அவர். ஒருமுறை போய் மூன்று மாதம் நின்றவர். மகளும் மருமகனும் விடிய வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். பதினான்காம் மாடியில் யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கீழே போகிற பஸ்களுக்கு நேரம் பார்த்தார். எல்லாம் சரியான நேரத்துக்கு வந்தன. அதற்குப் பிறகு அங்கே அவருக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

தகப்பனும் மகளும் மூன்று நாள் கதைத்து, ஒரு நாள் கதைக்காமல் இருந்து, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சைக்கிளைத் தொடக்கூடாது. கீரிமலைக் கேணியில் போய்க் குளிக்கக்கூடாது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இதெல்லாம் சின்னச் சட்டங்கள். பெரிய சட்டம் ஒன்றுதான்.

"ஒரு தரம் விழுந்தாலும் கனடா," என்றாள் கீர்த்திகா. "பிறகு நான் ஒரு கதையும் கேக்கமாட்டன். ஓமோ?"

"ஓம்," என்றார் பரமலிங்கம். சொன்ன சொல்லிலிருந்து அவர் ஒருநாளும் விலகியதில்லை. ஆகையால் விழாமல் இருப்பதே அன்றிலிருந்து அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

வெறும் சொல்லை நம்பி விமானம் ஏறுகிற பிள்ளையும் அல்ல அவள். கொடிகாமத்தில் சோலார் வேலை செய்கிற கோபிசங்கரைக் கூப்பிட்டு, கூரையிலே சூரியத் தகடுகள் பூட்டுவித்தாள். சுவரிலே ஒரு பற்றரி. மெயின் சுவிச் பலகைக்குள் கையளவு பெட்டி ஒன்று. வீட்டிலே எது ஓடுகிறது, எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அந்தப் பெட்டி கைபேசிக்குச் சொல்லும். கேத்திலுக்கும் கிணற்று மோட்டருக்கும் தனித்தனியாக ஸ்மார்ட் பிளக் என்று ஒன்று வைத்தார்கள். பரமலிங்கம் அதற்குக் கெட்டிக்காரப் பிளக் என்று பெயர் வைத்தார். பிறகு வீட்டில் எல்லோரும் அப்படியே சொன்னார்கள்.

மத்தியானம் வெயிலும் கூடுதல், கரண்டும் கூடுதல்; உடுப்புத் தோய்க்கிற மெசினும் ஸ்திரிக்கைப்பெட்டியும் அப்போது ஓடட்டும், மிஞ்சினது வெளியே லைனுக்குப் போகும்; பொழுதுபட நாடு முழுக்க லைற் போடுகிற நேரத்தில் பற்றரி கை கொடுக்கும் என்று கோபிசங்கர் விளங்கப்படுத்தினான். பரமலிங்கம் உடனே பிடித்துக்கொண்டார். பஸ் எல்லாம் ஒரேயடியாக வந்தால் நிலையம் நெரியும், ஒன்றும் வராவிட்டால் சனம் கத்தும், கரண்டுக்கும் அதே கதைதானே என்று கேட்டார். அவன் கையில் இருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஓம் ஐயா, உதுதான் விசயம்," என்றான். சித்திரை விடுமுறையில் நாட்டிலே பாவனை குறைவு, கூரைச் சோலார் வைத்திருப்போர் பகலில் நிற்பாட்டி உதவுங்கள் என்று அறிவித்தல் வந்தபோது, சொன்ன நேரத்துக்கு முன்னரே சுவிச்சடியில் போய் நின்றவர் பரமலிங்கம். இலங்கை முழுவதற்கும் தான் ரைம்கீப்பராகிவிட்டது போல அன்றைக்கு ஒரு சந்தோசம்.

ஒரே ஒரு விசயத்தில் மட்டும் அவர் வெயிலுக்கு இணங்கவில்லை. மோட்டரை மத்தியானம் ஓடவிட்டால் காசு மிச்சம் என்றாள் மகள். விடியக் குளிக்கிறவனுக்கு விடியத்தான் தண்ணீர் வேண்டும் என்றார் தகப்பன். அந்தப் பிடிவாதத்திலே கீர்த்திகா தோற்றுப்போனாள். விடியலில் கேத்தில், அதற்குப் பின்னால் மோட்டர் என்று அவருடைய காலை, ரொறன்ரோவிலே மகளின் கைபேசியில் ஏறி இறங்குகிற கோடுகளாகத் தெரியத் தொடங்கியது.

தொடங்கியதோடு தொல்லையும் தொடங்கியது. சோற்றுக்குக்கர் இரண்டு நாளாக ஓடவில்லை, பாண் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். ரீவி நடுச்சாமம் வரை ஓடியது, நித்திரை இல்லையா என்று கேட்டாள். பிறிஜ் கதவு சரியாகப் பூட்டுப்படவில்லை என்றுகூட அங்கிருந்து சொன்னாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் படுக்கும்போது, இந்தப் பூமியில் தன்னுடைய பிறிஜ் கதவைப் பற்றி யோசிக்க ஒரு சீவன் இருக்கிறதே என்றும் இருக்கும். அதை அவளிடம் சொல்ல மாட்டார்.

ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் கந்தப்பு செத்தபோது நடந்தது இன்னும் மோசம். அயலிலே பிரேதம் கிடக்க அடுப்பு மூட்டுவதில்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பிரேதம் எடுத்து, வீடு கழுவி, குளித்த பிறகுதான் உலை வைப்பார்கள். இந்தக் காலத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு வேறு, கேத்தில் வேறு என்று நியாயம் கதைத்துத் தேத்தண்ணி குடிக்கிறார்கள். பரமலிங்கம் அந்த ஆள் அல்ல. சுடுதண்ணி வைத்தாலும் உலை வைத்ததுதான் அவருக்கு. ஒன்றரை நாள் அவருடைய வீட்டிலே கேத்திலும் இல்லை, குக்கரும் இல்லை. கைபேசியை வீட்டில் போட்டுவிட்டுப் போய்ச் செத்தவீட்டிலே கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். வந்து பார்த்தால் ரொறன்ரோவிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட அழைப்பு.

"செத்தவீடு கிடக்கேக்கை கேத்தில் போடுவனோ?" என்று சத்தம் போட்டார். "உன்ரை பெட்டிக்கு இழவு தெரியுமோ?"

மறந்துபோனேன் அப்பா என்றாள் கீர்த்திகா. சின்ன வயதில் இப்படி ஒரு நாள் தான் பசியில் கத்த, தேத்தண்ணிக்கும் அடுப்பு மூட்டக்கூடாது என்று அவர் சைக்கிளில் சந்திக்குப் போய் பணிஸ் வாங்கிவந்து தந்ததை அவளே நினைப்பூட்டினாள். அதற்குப் பிறகு இருவரும் சிரித்துக்கொண்டு போனை வைத்தார்கள்.

இனிக் கீரிமலைக் கதைக்கு வருவோம். பக்கத்து வீட்டு நாகலிங்கம், இவர் நேரம் குறித்த அதே டிப்போவில் பஸ் ஓட்டியவர். வாழ்நாள் முழுக்கப் பிந்தியே வந்த ஆள். ரைம்கீப்பர் கூண்டுக்குள்ளிருந்து பரமலிங்கம் திட்ட, நாகலிங்கம் வெற்றிலை வாயோடு சிரிக்க, அப்படியே இருவருக்கும் தலை நரைத்தது. அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. சைக்கிளைத் தொடக்கூடாது என்றுதானே சட்டம், மோட்டார் சைக்கிளின் பின்சீற்றைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று ஒருநாள் நாகலிங்கம் எடுத்துவிட்டார். கேணியைப் பற்றிய சட்டத்தை அன்றைக்கு இருவரும் வசதியாக மறந்துபோனார்கள்.

விடியலுக்கு முன் புறப்பட்டால், கேணியில் இறங்கி, நகுலேசுவரரைக் கும்பிட்டு, வெயில் ஏற முதல் திரும்பிவிடலாம். ஒரு பக்கம் கடல் இரைய, இந்தப் பக்கம் குளிர்ந்த நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரில் கழுத்தளவு நிற்கும்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது என்பது மறந்துபோகும். மனைவி செத்த பிறகு அவர் மனம் விட்டுச் சிரித்தது அந்தக் கேணிக்குள்தான். அது வேண்டும் அவருக்கு. ஆனால் விடியலில் கேத்தில் ஓடாவிட்டால் ரொறன்ரோ விடாதே.

அப்போதுதான் கைபேசியில் அட்டவணை என்று ஒரு பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார். வெயில் நேரத்தில் மெசின் தானாக ஓடுவதற்கென்று கோபிசங்கர் காட்டிக் கொடுத்த பக்கம் அது. எந்தப் பிளக் எத்தனை மணிக்குப் போடுப்பட வேண்டும், எத்தனை மணிக்கு நூர வேண்டும் என்று குறித்துவிட்டால் சரி. கண் நிறைந்துபோயிற்று மனுசனுக்கு. பஸ் அட்டவணை போட்ட கைக்கு இது என்ன வேலை? இரவிலே கேத்திலில் தண்ணீர் நிரப்பி, அதன் சுவிச்சைக் கொதிக்கிற பக்கம் அமத்திவிட்டு வருவார், எலிப்பொறி வைக்கிற மாதிரி. விடிய அவர் கேணிக்குள் நிற்க, அளவெட்டியில் கேத்தில் தானாகக் கொதித்து நூரும். பின்னாலே மோட்டர் ஓடி நிற்கும். நாளுக்கு நாள் சில நிமிடம் முன்பின்னாகவும் மாற்றி வைப்பார். நேரம் அச்சொட்டாக எழுதிவருகிற பத்திரம்தான் பொய்ப் பத்திரம் என்பது டிப்போவில் கற்ற பாடம்.

இப்படியே ஏழெட்டு மாதம் போயிற்று. அப்பா இப்போது நல்ல ஒழுங்கு என்று கீர்த்திகா பாராட்டுவாள். கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். திரும்பி வரும்போது படலையடியில் அவரை இறக்கிவிட்டு, நாகலிங்கம் கைபேசியை எடுத்து எதையோ தட்டிக்கொண்டு நிற்பார். இந்த வயதில் யாருக்கடா காகிதம் எழுதுகிறாய் என்று பரமலிங்கம் பகிடி பண்ணுவார். நாகலிங்கம் சிரித்துவிட்டுப் போவார்.

அந்த நாகலிங்கம் ஒரு புதன்கிழமை மத்தியானம் நெஞ்சுக்குள் நோகிறது என்றார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எல்லா இடத்துக்கும் பிந்தியே வந்தவன் இதற்கு மட்டும் முந்திக்கொண்டானே என்று பரமலிங்கம் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து அழுதார். மனைவி செத்தபோது ஆட்கள் பார்க்க அழாதவர் அவர்.

அடுத்த நாள்தான் எடுப்பு. பொழுதுபட்டு வீட்டுக்கு வந்து மகளுக்குச் சொன்னார். கீர்த்திகா போனிலே விம்மி விம்மி அழுதாள். பக்கத்து வீட்டு மாமாவுக்கு இவ்வளவு அழுகையா என்று அவருக்கே வியப்பாக இருந்தது. ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். செத்தவீடு, வீட்டில் ஒன்றும் வைக்கவில்லை, சந்தியில் வாங்கினேன் என்றார். பிறகு உடம்பைக் கழுவி, லைற்றை நூர்த்து, படுக்கப் போகிற வழியில் குசினிக்குள் போய்க் கேத்திலில் தண்ணீர் விட்டுச் சுவிச்சை அமத்தினார். மனம் நாகலிங்கத்தோடு இருந்தது. கை அது பாட்டுக்குத் தன் பழக்கத்தைச் செய்தது.

கிழக்கு வெளிக்கத் தொடங்குகிற நேரம் எழும்பி, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். ஆட்கள் வர முன் பந்தலடியில் நிற்க வேண்டும் என்ற அவசரம். சீமெந்திலே பாசி பிடித்த இடம் ஒன்று இருந்தது. அது அங்கே இருப்பதை அவர் நன்றாக அறிவார். அன்றைக்கு மறந்துவிட்டார். கால் இழுத்துக்கொண்டு போக, இடுப்பு அடிபட விழுந்தார். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

கூப்பிட்டிருந்தால் யாரும் வந்திருப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் சனம். மேளச் சத்தமும் அப்போது தொடங்கவில்லை. ஆனால் முதலில் அவருக்கு வந்த நினைவு நோவைப் பற்றியது அல்ல. விழுந்துவிட்டேன், இனிக் கனடா என்பதுதான். யாரும் காணாமல் எழும்பிவிட்டால் விழாததுதானே என்று அந்த வயது போன மனுசன் பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். முடியவில்லை. முழங்கையால் ஊர்ந்து மோட்டர் வைத்திருக்கிற கட்டு வரைக்கும் வந்தார். அதைப் பிடித்துப் பார்த்தார். கால் அவருடையது போலவே இல்லை. சரி, கூப்பிடுவோம் என்று வாயைத் திறக்கும்போது பக்கத்து வீட்டில் பறைமேளம் தொடங்கிவிட்டது.

நாகலிங்கத்துக்கு அடித்த மேளம். அவர் கத்தினார். தயாளினி, பிள்ளை தயாளினி என்று நாகலிங்கத்தின் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தன்னுடைய குரல் தனக்கே கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, காதுக்குப் பக்கத்தில் மோட்டர் தானாக ஓடத் தொடங்கியது.

மோட்டர் ஓடுகிறது என்றால் கேத்தில் ஏற்கெனவே கொதித்திருக்கும். நாகலிங்கத்தின் பிரேதம் அடுத்த வளவில் கிடக்கத் தன் வீட்டில் உலை கொதித்திருக்கிறது. அதைவிடப் பெரிய துக்கம் மற்றது. ரொறன்ரோவிலே கீர்த்திகா இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கைபேசியைப் பார்ப்பாள். கேத்தில் போட்டாயிற்று, மோட்டர் ஓடுகிறது, அப்பா எழும்பிவிட்டார் என்று நிம்மதியாகப் படுக்கப் போவாள். தன் கையால் போட்ட அட்டவணை அவளுடைய கண்ணுக்குத் தன்னை எழும்பி நடமாட விட்டிருக்கிறது. தானோ பாசிக்குள் கிடக்கிறேன் என்று நினைக்க அவருக்கு அழுகை வந்தது. மோட்டர் குறித்த நேரத்துக்கு நின்றது. ஒரு நிமிடமும் பிந்தவில்லை.

எவ்வளவு நேரம் கிடந்தார் என்று, வாழ்க்கையில் முதல் தரமாக, அவருக்குத் தெரியவில்லை. மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு வேலிப் பொட்டுக்குள்ளால் தயாளினி ஓடிவந்தாள். தலை விரிந்து, அழுத முகத்தோடு, செத்தவீட்டுக் கோலத்திலேயே வந்தாள். பின்னாலே இரண்டு பேர்.

"கீர்த்தி அக்கா எடுத்தவ," என்றாள் மூச்சு வாங்க. "அப்பா எங்கையோ விழுந்து கிடக்கிறார், ஓடிப்போய்ப் பார் எண்டு கத்தினவ."

எப்படித் தெரியும் என்று பரமலிங்கம் கேட்டார். தயாளினிக்குத் தெரியவில்லை. ஒரு வான் பிடித்து ஆசுப்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது பக்கத்து வீட்டுப் பந்தலைக் கடந்து போனார்கள். நாகலிங்கத்துக்கு ஒருபிடி வாய்க்கரிசி போடவும் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இடுப்புக்குக் கீழே எலும்பு வெடித்திருந்தது. ஆணி வைத்துப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் கீர்த்திகா வந்து கட்டிலடியில் நின்றாள். நித்திரை இல்லாத கண். வந்தவள் ஏசவில்லை, அழவுமில்லை. போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பரமலிங்கத்துக்கு அதைப் பொறுக்க முடியவில்லை.

"விழுந்திட்டன் பிள்ளை," என்றார். "சொன்னது சொன்னதுதான். கனடாப் பேப்பரை நிரப்பு, வாறன்."

அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். கேத்தில் தானாக ஓடுகிற கதை தனக்கு முதல் நாளே தெரியும் என்றாள். அட்டவணை அவருடைய கைபேசியில் மட்டுமல்ல, அவளுடையதிலும் தெரியும். ரைம்கீப்பர் அதை மட்டும் யோசிக்கவில்லை. அன்றைக்கே நாகலிங்கத்துக்கு எடுத்து, அப்பா விடிய எங்கே போகிறார் என்று கேட்டிருக்கிறாள். நாகலிங்கம் மறைக்கவில்லை. கூட்டிப்போய்க் கூட்டிவருவது தன் பொறுப்பு, மனுசன் அங்கேதான் பிள்ளை சிரிக்கிறார், தடுக்காதே என்று சொன்னாராம். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் திரும்பி வந்ததும் படலையடியில் நின்று அவளுக்கு ஒரு சொல் அனுப்புவார். 'வந்திட்டம்.'

பரமலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பினார். எட்டு மாதம். ஒரு நாளும் நேரத்துக்கு வராத டிரைவர், ஒரு நாளும் தவறாமல் ரைம்கீப்பருக்கு நேரம் குறித்திருக்கிறான். கள்ளன் என்று சொல்லப் பார்த்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"மாமாவும் போயிட்டார்," என்றாள் கீர்த்திகா. "இனி ஆரிட்டைக் கேக்கிறது? அண்டைக்கு அட்டவணையைப் பாத்தன். நீங்கள் அதை நிப்பாட்ட மறந்துபோனியள். நான் அங்கையிருந்தே நிப்பாட்டியிருக்கலாம். விரலும் வைச்சிட்டன். பிறகு, இருக்கட்டும் எண்டு விட்டன்."

"ஏன்?"

"செத்தவீடு கிடக்கேக்கை கேத்தில் சத்தம் கேட்டா நீங்கள் பாய்ஞ்சு வந்து நிப்பாட்டுவியள். கொதிக்கவே விடமாட்டியள். கோடு எழும்பி உடனை விழுந்தா, அப்பா சுகமா எழும்பிட்டார் எண்டு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்." கையில் இருந்த கைபேசியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். "அது கொதிச்சு முடிஞ்சுது அப்பா."

பக்கத்துக் கட்டில் நோயாளிக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர்கள் வந்து போனார்கள்.

"அப்ப எப்ப வெளிக்கிடுறது?" என்று பரமலிங்கம் கேட்டார்.

"எங்கை?"

"கனடாவுக்கு."

கீர்த்திகா மூக்கைத் துடைத்தாள். விமானத்தில் வரும்போது முழுக்க இதைத்தான் யோசித்தாளாம். "அங்கை பதினாலாம் மாடியிலை பக்கத்துக் கதவுக்குள்ளை ஆர் செத்தாலும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வேலைக்குப் போனாப் பிறகு நீங்கள் விழுந்தா, கேத்தில் கொதிச்சாலும் கொதிக்காட்டிலும் எனக்கு ஒண்டும் விளங்காது," என்றாள். "நீங்கள் இங்கையே இருங்கோ."

நினைத்தது கிடைத்துவிட்டது. ஆனாலும் பரமலிங்கத்துக்குத் துள்ளிக் குதிக்கிற சந்தோசம் வரவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடந்தார்.

அவள் விடுப்பை நீட்டிக்கொண்டு நின்றாள். கிணற்றடிப் பாசியைச் சுரண்டுவித்து, பிடித்து நடக்கக் கம்பி போடுவித்தாள். நாகலிங்கத்தின் அந்தியேட்டி முப்பத்தோராம் நாள், கீரிமலையில். நாலு கால் வோக்கரை ஊன்றி நடக்கப் பழகியிருந்த பரமலிங்கம், நான் போகாமல் யார் போகிறது என்று நின்றார். தயாளினி வீட்டார் பிடித்த வானிலேயே தகப்பனும் மகளும் போனார்கள். புறப்பட முன், அவர் கைபேசியை எடுத்து அட்டவணையில் இருந்த கேத்திலையும் மோட்டரையும் தானே அழித்தார்.

கிரியை முடிந்து சாம்பல் கடலோடு போயிற்று. அவர் கேணிக்குள் இறங்க முடியாது. படியருகே கதிரையில் இருக்க, மருமகன்முறைப் பொடியள் வாளியில் தண்ணீர் அள்ளிவந்து தலையில் ஊற்றினார்கள். அதே குளிர். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று பகிடி விடுகிற ஆளை நினைத்தார். இனி மாதம் ஒருக்காவது இப்படிக் கூட்டிக்கொண்டு வருவேன் பெரியப்பா என்று தயாளினி சொன்னாள்.

வான் திரும்பி வந்து படலையடியில் நின்றது. கீர்த்திகா வோக்கரை இறக்கி விரித்தாள். பரமலிங்கம் அதைப் பிடிக்காமல், வான் கதவிலே சாய்ந்தபடி சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். அவள் கால் மாறி நின்று காத்திருந்தாள். வெயில் வேறு ஏறிவிட்டது.

அவளுடைய கையில் இருந்த கைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். அப்பாவிடமிருந்து ஒரு சொல்.

'வந்திட்டம்.'

கீர்த்திகா வான் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள். பரமலிங்கம் கைபேசியைப் பைக்குள் வைத்தார். வோக்கரை ஊன்றி மெல்ல மெல்லப் படலையைக் கடந்து போய், தேத்தண்ணிக்குக் கேத்திலைத் தன் கையால் போட்டார்.